வீடு கட்டுறதுக்கு முன்னாடி 3டி மாடல் போடுறது அவசியமா, இல்ல வீண் செலவா?

உங்க இன்ஜினியர் 3டிக்குன்னு தனியா காசு கேட்டிருப்பாரு, அதான் இந்தக் கேள்வி வந்திருக்கு. கேட்டது தப்பில்ல. எந்த 3டின்னு மட்டும் கேட்டுக்கோங்க.

வாட்ஸ்அப்ல சுத்துற எலிவேஷன் படத்துல, அதாவது வீட்டோட முன்பக்கத் தோற்றத்துல, முன்னாடி புல்தரை, ஒரு வெள்ளை கார், நீல வானம் எல்லாம் இருக்கும், பக்கத்து வீடு மட்டும் இருக்காது. நிஜத்துல 15 அடி சந்து, வாசல்லயே ஈபி கம்பம். அந்தப் படத்துக்கு காசு குடுக்காதீங்கன்னு நானே சொல்லுவேன், இத்தனைக்கும் திருச்சில இதே தொழில்தான் பண்றேன். நான் சொல்றது சுவர், பீம், படி, பைப் எல்லாத்தையும் அளவோட ஏத்துற மாடல்.

ஒரு வீடு, 30க்கு 40 மனை, மாடிப்படி உள்பக்கம். படிக்குக் கீழ பாத்ரூம் வேணும்னாங்க அந்த வீட்டம்மா. வேற யாரோ போட்டுக் குடுத்த பிளான்ல அது கச்சிதமா உக்காந்திருந்துச்சு. அதை ஸ்கெட்ச்அப்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ஏத்தி நடுவுல வெட்டிக் காட்டினேன். தளத்தோட உயரம் 10 அடி, படி ஒண்ணு 6 இன்ச், மொத்தம் 20 படி, பாதில லேண்டிங்னா (படி திரும்புற இடத்துல வர்ற மேடை) 5 அடி உயரம், அதுல கான்கிரீட் 5 இன்ச் போனா கீழ மிச்சம் 4 அடி 7 இன்ச். ஆள் பொம்மைய உள்ள நிறுத்தினா தலை கான்கிரீட்டுக்குள்ள போயிருச்சு. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. மேஸ்திரி மட்டும் "அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம் மேடம்"னாரு. என்னத்தப் பாக்குறது, தரையத் தோண்டுனா தண்ணி செப்டிக் டேங்குக்கு மேல ஏறியா போகும்? கடைசில முதல்லயே 14 படி ஏத்தி 7 அடில லேண்டிங் வச்சு மிச்ச 6 படியத் திருப்பி விட்டோம், கீழ 6 அடி 7 இன்ச் கிடைச்சுது. படி இடம் 14 அடி நீளம் இருந்ததால தப்பிச்சோம், இல்லன்னா அந்த பாத்ரூமையே மறந்திருக்கணும்.

இன்னொண்ணு, மாடல்ல ஊரைக் குறிச்சு மாசத்த மாத்தினா நிழல் எங்க விழும்னு காட்டும். வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுன்னு சன்ஷேடக் குறைச்சுடுறாங்க. நம்ம பக்கம் ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் சூரியன் வடக்கே சாஞ்சுதான் போகும், கத்திரி வெயில் பூரா அதுக்குள்ள வந்துரும், காலைலயும் சாயங்காலமும் வடக்கு சுவர்லயும் அடிக்கும். (வாஸ்து பாக்குறவங்க சண்டைக்கு வராதீங்க, நான் திசைய மாத்தச் சொல்லல.)

எங்க தாத்தா கம்ப்யூட்டர் பாத்தா கட்டினாருன்னு கமெண்ட்ல கேப்பீங்க. சரிதான், ஆனா தாத்தா வீட்ல பாத்ரூம் கொல்லைல இருந்துச்சு, ஏசி பைப்பும் இன்வெர்ட்டர் ஒயரும் சுவருக்குள்ள ஓடல. ஒரே தளம், உள்ள படி இல்லன்னா உங்களுக்கும் இது தேவையில்லதான், சொந்தக்காரங்க என்ன சொன்னாலும்.

சொந்தக்காரங்கன்னதும்தான் ஞாபகம் வருது. மனையடி பாக்க வர்றவருக்கு வெத்தல பாக்கு தட்டுல பணம் வச்சுக் குடுக்குறாங்க, எங்கிட்ட மட்டும் "சும்மா ஒரு 3டி தானம்மா, பட்டனைத் தட்டுனா வந்துரப் போகுது". ராத்திரி முழுக்க உக்காந்து போட்டுக் குடுத்தா நன்றி கூட வராது, கிரகப்பிரவேசப் பத்திரிகை மட்டும் கரெக்டா வரும், மொய் வேற நான் எழுதணும்.