மாமாவின் சாம்பியன் நோட்டு

கேள்வி: என் மாமனார் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 76. எந்த விளையாட்டில் யார் உலக சாம்பியன் ஆனாலும் 1975-லிருந்து ஒரு பெரிய நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய வருஷங்களையும் லைப்ரரியில் தேடிச் சேர்த்திருக்கிறார். கை நடுக்கம் வந்த பிறகு, 2018-ஓடு எழுதுவது நின்றுவிட்டது. ஏழாவது படிக்கும் என் மகன் பள்ளி வினாடி வினா அணியில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் அவனை உட்கார வைத்து, நோட்டை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறார். அவனோ, "எல்லாம் போன்லயே இருக்கே தாத்தா" என்கிறான். போன வாரம், உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர் யார் என்று கேட்டார். இவன் ஆனந்த் என்றான். அவர் வில்சன் ஜோன்ஸ் என்றார். சண்டை முற்றி, "உங்க நோட்டே தப்பு தாத்தா, செஸ்ல ஒரே வருஷத்துக்கு ரெண்டு சாம்பியன் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டான். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நான் யாரைக் கண்டிப்பது?
– பெயர் வேண்டாம், திருநகர், மதுரை.

பதில்: யாரையும் கண்டிக்க வேண்டாம். முதலில் வழக்கைத் தீர்த்துவிடுவோம். தீர்ப்பு வராமல் உங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது போலிருக்கிறது.

மாமா சொன்னது சரி. வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1964-ல் இன்னொரு முறையும் வென்றார். ஆனந்த் செஸ்ஸில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். பையன் 'செஸ்ஸில்' என்ற சொல்லை விட்டுவிட்டான், அவ்வளவுதான். ஆனால் மாமாவும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு மல்யுத்த ரசிகர் வந்தால், 1910-ல் லண்டனில் பட்டம் வாங்கிய காமா பயில்வான்தான் முதல்வர் என்று வாதாடுவார். அந்தக் கதையைப் பையனிடம் சொல்லச் சொல்லுங்கள். போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ, காமாவிடம் தப்பிக்க இரண்டரை மணி நேரம் மெத்தையோடு ஒட்டிக்கொண்டே கிடந்தார். போட்டி டிரா. மறுவாரம் திரும்ப மோத வேண்டிய நாளில் ஆளே வரவில்லை, பட்டம் காமாவுக்குப் போனது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது ஒரு நிமிஷத்துக்குள் கதை முடிந்தது. 1910-ல் வாங்கியது இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் உலகப் பட்டமா என்று கேட்டால் அது நீண்ட விவாதம். மல்யுத்தத்துக்கு அன்று ஒரே தலைமை அமைப்பு என்று எதுவும் கிடையாது.

அடுத்தது செஸ் புகார். இதிலும் நோட்டு தப்பே இல்லை. 1993-ல் காஸ்பரோவும் ஷார்ட்டும் உலக செஸ் சங்கமான ஃபிடேயை விட்டு வெளியேறித் தனியாகப் போட்டி வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 2006 வரை செஸ்ஸுக்கு இரண்டு உலகப் பட்டங்கள். 2000-ஆம் வருஷத்தையே பாருங்கள். லண்டனில் காஸ்பரோவைத் தோற்கடித்து கிராம்னிக் ஒரு பட்டம் வாங்கினார். டெஹ்ரானில் ஷிரோவைத் தோற்கடித்து ஆனந்த் இன்னொன்று வாங்கினார். மாமா இரண்டு பேரையும் எழுதியிருக்கிறார் என்றால், அன்றைக்குப் பேப்பரை ஒழுங்காகப் படித்திருக்கிறார். பையன் இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். "நீங்க எழுதினதுதான் தாத்தா சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதையும் நீங்கள் சொல்லிக்கொடுத்து அவன் ஒப்பித்த மாதிரி இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தை அவனிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்பு சொன்ன எனக்கும் இதில் பழைய காயம் ஒன்று உண்டு. பல வருஷம் முன்பு ஒரு பள்ளிக்கூட வினாடி வினாவில் நான் நடுவர். பாட்மிண்டன் உலக சாம்பியன் ஆன இந்தியர் யார் என்ற கேள்விக்கு ஒரு பையன் பிரகாஷ் படுகோனே என்றான். சரி என்று மார்க் போட்டுவிட்டேன். எதிர் அணியில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து, "சார், அது ஆல் இங்கிலாந்து, உலக சாம்பியன்ஷிப் வேற" என்றாள். உட்காரும்மா என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பிரகாஷ் 1980-ல் வென்றது ஆல் இங்கிலாந்து பட்டம். பாட்மிண்டனில் உலக சாம்பியன்ஷிப் என்று தனியாகத் தொடங்கியதே 1977-ல்தான், அதுவரை ஆல் இங்கிலாந்தைத்தான் உலகப் பட்டம் மாதிரி மதித்தார்கள். உலக சாம்பியன்ஷிப்பில் பிரகாஷுக்குக் கிடைத்தது 1983-ல் வெண்கலம். அதில் தங்கம் வாங்கிய முதல் இந்தியர் 2019-ல் சிந்து. அந்தச் சிறுமிக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். இதைப் படிக்கிறாள் என்றால், அம்மா, உன் மார்க்கு என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள் மகனும் இந்த ஜாதிதான். குறை கண்டுபிடிக்கிற பிள்ளை. அவனிடம் பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் கொட்டாவிதான் வரும். பட்டியலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடச் சொன்னால் ராத்திரி தூங்க மாட்டான். உருகுவே கால்பந்து உலகக் கோப்பையை வென்றது 1930, 1950 என்று இரண்டே தடவை. அப்புறம் ஏன் அவர்கள் சட்டையில் நாலு நட்சத்திரம்? உலகக் கோப்பை தொடங்கும் முன் 1924, 1928 ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுகிறார்கள். தடகளத்தில் உலக சாம்பியன்ஷிப் 1983-ல்தான் வந்தது. அப்படியென்றால் அதற்கு முன் மாமா யாரை எழுதியிருக்கிறார்? குத்துச்சண்டைப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், ஒரே எடைப் பிரிவில் நாலு அமைப்பு நாலு பெல்ட் கொடுக்கிறது.

மாமாவிடம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 'யார் ஜெயித்தார்' என்பதை விட்டுவிட்டு 'யாரிடமிருந்து வாங்கினார்' என்று கேட்கட்டும். செஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் சிங்கப்பூரில் பதினெட்டு வயசு குகேஷ் பட்டத்தை யாரிடமிருந்து வாங்கினார்? டிங் லிரெனிடம். பதினாலாவது ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். சரி, டிங் யாரிடமிருந்து வாங்கினார்? அங்கேதான் வேடிக்கை. பட்டத்தைக் காக்க இனி ஆட மாட்டேன் என்று கார்ல்சன் ஒதுங்கிக்கொண்டார். அதனால் 2023-ல் டிங்கும் நெப்போம்னியாச்சியும் மோதினார்கள். கார்ல்சன் வாங்கியது 2013-ல், நம்ம சென்னையில், ஆனந்திடம். காஸ்பரோவ் 1985-ல் கார்ப்போவிடம் வாங்கினார். அதற்கு முந்தைய மோதல் ஐந்து மாசம், 48 ஆட்டம் இழுத்து, முடிவே இல்லாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. கார்ப்போவ் 1975-ல் யாரையும் தோற்கடிக்காமலே சாம்பியன் ஆனார், ஃபிஷர் ஆட வரவில்லை. இப்படியே பிடித்துக்கொண்டு போனால் 1886-ல் ஸ்டைனிட்ஸிடம் போய் நிற்பான். பட்டியலைக் கீழிருந்து மேலே படித்த மாதிரியும் ஆயிற்று, ஒப்பித்த மாதிரியும் தெரியாது.

கால்பந்தில் தோற்றவர் கதை இன்னும் கனமானது. 1950-ல் பிரேசிலுக்கு மரக்கானா மைதானத்தில் கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே போதும், கோப்பை அவர்களுக்கு. முதல் கோலையும் அவர்களே போட்டார்கள். உருகுவே சமன் செய்து, 79-வது நிமிஷத்தில் கிஜ்ஜியா இரண்டாவது கோலைப் போட்டார். அந்தப் பந்தை விட்ட கோல்கீப்பர் பார்போசாவை, அவர் 2000-ல் சாகும்வரை ஊர் மன்னிக்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு அப்புறம்தான் பிரேசில் வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறியது. அவர்கள் ஜெயித்துச் சொந்தமாக்கிக்கொண்ட ஜூல் ரிமே கோப்பைக்கும் தனிக் கதை இருக்கிறது. 1966-ல் இங்கிலாந்தில் திருடு போய் ஒரு நாய் கண்டுபிடித்துக் கொடுத்தது. 1983-ல் ரியோவில் மறுபடி திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, 1970 சாம்பியன் யார் என்று கேட்டுப் பாருங்கள். பையன் மறக்கவே மாட்டான்.

போனைப் பிடுங்காதீர்கள். சரிபார்க்க அது வேண்டும். ஆனால் போனில் இல்லாதது மாமாவிடம் நிறைய இருக்கிறது. 1983-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு கபில்தேவ் அடித்த 175 ரன்னை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்க முடியாது. பிபிசி அந்த ஆட்டத்தைப் படமே பிடிக்கவில்லை. அந்தச் செய்தி திருநகருக்கு எப்படி வந்தது, எந்த டீக்கடையில் யார் சொல்லிக் கேட்டார், நம்பினாரா என்று பையன் கேட்கட்டும். நோட்டு ஏன் 1975-ல் தொடங்குகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். என் ஊகம் ஹாக்கி. அந்த வருஷம் மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து இந்தியா உலகக் கோப்பை வாங்கியது. வெற்றி கோல் தயான்சந்த் மகன் அசோக்குமாருடையது. அது கோலே இல்லை என்று பாகிஸ்தான் சண்டை பிடித்தது. அப்போது மாமாவுக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயது. ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை நமக்கு அதற்கப்புறம் வரவேயில்லை. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், அவரே சொல்லட்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். கை நடுக்கம் வந்து 2018-ஓடு நின்றுவிட்டது என்கிறீர்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் விடாமல் எழுதிய மனுஷன் நிறுத்தினார் என்றால் அது அவருக்குச் சின்ன விஷயமா? அவர் பேரனை ஒப்பிக்கச் சொல்வது வினாடி வினாவுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டை யாரிடமாவது ஒப்படைக்கப் பார்க்கிறார். வாய்விட்டுக் கேட்க அவருக்கு வராது. பி.டி. வாத்தியார்களுக்கு விசில் ஊதத்தான் தெரியும்.

நடுக்கத்தை 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் ஒரு தடவை நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். எழுதுகிற வேலையைப் பையனுக்குக் கொடுங்கள். "மாமா, நீங்க சொல்லுங்க, இவன் எழுதட்டும்" என்று நீங்களே சொல்லலாம், மருமகள் சொன்னால் தட்ட மாட்டார். ஆனால் நோட்டைப் பீரோவிலிருந்து அவர்தான் எடுக்க வேண்டும். பழைய பக்கத்தில் பையனுக்குச் சந்தேகம் வந்தால் பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போடட்டும். பேனாவால் அடிக்கிற வேலை கூடாது. கேள்விக்குறிகள் ஒரு பத்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் புதுநத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். 2023-ல் திறந்தது. மாமா இதற்குள் ஒருமுறையாவது போயிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்றையும் நீங்களே பாருங்கள். அந்த நோட்டில் பெண்கள் எத்தனை பேர்? அந்தக் காலத்துப் பேப்பர்களில் மூலையில் நாலு வரி வந்தால் அதிகம், மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கிரிக்கெட் உலகக் கோப்பை முதலில் நடந்தது பெண்களுக்குத்தான். 1973-ல், ஆண்களுக்கு இரண்டு வருஷம் முன்னாடி. கேரம் பக்கத்தில் மரிய இருதயம் இருப்பார். இளவழகி இருக்கிறாரா? 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா? நம்ம மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த, காது கேளாதவர்களுக்கான ஒலிம்பிக்ஸான டெஃப்லிம்பிக்ஸில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். உலக சாம்பியன்ஷிப் வேறு, டெஃப்லிம்பிக்ஸ் வேறு என்று பையன் ஆட்சேபம் சொல்வான். சொல்லட்டும், தனிப் பக்கம் போட்டால் ஆயிற்று.

விட்டுப்போன வருஷங்களில் வேலை நிறைய இருக்கிறது. கால்பந்தில் 2022-ல் அர்ஜென்டினா, பிரான்ஸை பெனால்டியில் ஜெயித்தது. 2023-ல் புடாபெஸ்டில் நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர். 2025-ல் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்ற நம் பெண்கள் கிரிக்கெட் அணி. ஆனால் முதலில் நிரப்ப வேண்டியது 2019, அங்கேயே வம்பு காத்திருக்கிறது. லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆடிய கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் டை. சூப்பர் ஓவரும் டை. பவுண்டரி அதிகம் அடித்தது என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்த வரியில் 'இங்கிலாந்து' என்று மட்டும் எழுதுவதா, பக்கத்தில் ஏதாவது குறிப்புப் போடுவதா என்று தாத்தாவும் பேரனும் கட்டாயம் சண்டை போடுவார்கள். நீங்கள் போய் விலக்கிவிட வேண்டாம். நியூசிலாந்துக்காகப் பேச ஆள் இல்லையே என்று தோன்றினால் மட்டும் போய் உட்காருங்கள்.