நம் பால்வெளியில் திடீரென்று தென்படும் எக்ஸ்-கதிர் மூலங்கள் எவை, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல்லாண்டுகள் இருண்டு கிடந்து, திடீரென எக்ஸ்-கதிரில் ஒளிர்ந்து, சில மாதங்களில் மங்கிவிடும் வான்பொருளையே நிலையற்ற எக்ஸ்-கதிர் மூலம் என்கிறோம். பெரும்பாலும் அது நியூட்ரான் விண்மீனோ (வெடித்த பெருவிண்மீனின் மிக அடர்ந்த எச்சம்) கருந்துளையோ ஒரு சாதாரண விண்மீனோடு சேர்ந்த இணை; அவ்விண்மீனிலிருந்து கசியும் வாயு வட்டாகத் தேங்கி, ஓர் அளவைத் தாண்டியதும், கரை உடைத்த ஏரிநீரைப் போல உள்ளே பாய்ந்து, ஏறத்தாழ ஒரு கோடி டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது.

கரை எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே ஓயாத காவல் வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கும் ஜப்பானின் மாக்ஸி கருவி, சுமார் 92 நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்தின் பெரும்பகுதியை வருடி, முந்தைய சுற்றில் இல்லாத ஒளியைத் தேடுகிறது. 2018 மார்ச்சில் அது கண்ட மாக்ஸி ஜே1820+070 ஒரு கருந்துளை இணை.

‘புதிய’ மூலம் என்றால் புதிதாகப் பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இதே பொருள் 1898லும் 1934லும் ஒளிர்ந்தது பழைய ஒளிப்படத் தகடுகளில் பதிவாகியிருக்கிறது.