எட்டு வெள்ளிக்கு ஓர் ஆறு

ஏர்கான், மெத்தை, ஜிம் சந்தா என்று வழக்கமாக வரும் பயனீட்டாளர் சண்டைகளுக்கு இந்த முறை விடுமுறை. பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் ஓவியங்களைப் பற்றிச் சில கடிதங்கள் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு மட்டும் பதில்.

*

கேள்வி: ஒரு தொண்டு அமைப்பின் கடையில் எட்டு வெள்ளிக்கு ஓர் ஓவியம் வாங்கினேன். சிங்கப்பூர் ஆறு, கரையோரம் கடைவீடுகள், நான்கு படகுகள். கீழே கையெழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. என் கணவர் பார்த்துவிட்டு, “வீடெல்லாம் ஆத்துல விழப்போற மாதிரி இருக்கே” என்று சிரிக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (பிடோக் வாசகி)

பதில்: எட்டு வெள்ளிக்கு ஏமாறுவது கஷ்டம். அந்த அளவில் ஒரு மர ஃபிரேம் மட்டும் போட்டுத் தரச் சொல்லி பிராஸ் பாசா பக்கம் விசாரித்துப் பாருங்கள், தெரியும். காசு விஷயம் அவ்வளவுதான். படத்துக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கணவர் சொன்னது தப்பில்லை. வரைந்தவர் ஒவ்வொரு கடைவீட்டையும் அதன் முன்னாலேயே போய் நின்று பார்த்த மாதிரி தனித்தனியாக வரைந்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டார். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் கூரைக் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓட வேண்டும். இங்கே அவை ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன, அதனால்தான் வரிசையே சாய்கிறது. தண்ணீரும் சரியில்லை. நீலத்தைக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கித் தடவி, மேலே வெள்ளை நெளிகோடுகள். அந்தக் காலத்து ஆற்றைப் பார்த்த யாரும் அதை நீலம் என்று சொல்ல மாட்டார்கள். ஓரத்தில் நிற்கும் மரம் காலிஃபிளவர்.

சரி, இப்போது முதல் படகைப் பாருங்கள். முகப்பில் ஒரு கண் வரைந்திருக்கிறார். சரக்குப் படகுகளின் முகப்பில் கண் எழுதுவது இங்கே வழக்கமாக இருந்ததுதான், அதனால் அது அதிசயமில்லை. ஆனால் அந்தக் கண்ணின் கீழ் ஓரத்தில் வண்ணம் உரிந்து மரம் தெரிவதையும் வரைந்திருக்கிறார். பக்கவாட்டில் தொங்கும் டயர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. கரைக்குப் போகும் கயிறு விறைப்பாக இல்லாமல், கனத்தில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டு மறுபடி மேலேறுகிறது. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வரைவதில்லை. அந்த மனிதர் அந்தக் கயிற்றை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான்காவது படகுக்கு வரும்போது கண்ணும் இல்லை, டயரும் இல்லை. களைத்துவிட்டார் போலிருக்கிறது.

அமெச்சூர் ஓவியத்தில் நான் தேடுவது இந்த மாதிரி ஓர் இடத்தைத்தான். படம் என்றால் இப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதை விட்டுவிட்டு, கண்ணெதிரே இருப்பதை அவர் நிஜமாகவே பார்த்த இடம். ஒன்று அகப்பட்டால் மற்றப் பிழைகளை மன்னித்துவிடுவேன். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் எவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுவேன். சீனாவில் ஷென்சென் நகரத்து தாஃபென் பகுதி, ஓவியங்களைப் பிரதி எடுத்து மொத்தமாக விற்பதற்கே பெயர்போனது. அந்த மாதிரிச் சரக்கும் நம் பழைய பொருள் கடைகளுக்கு வந்து சேர்கிறது. மழை பெய்யும் ஐரோப்பியத் தெரு, நடுவில் ஒரு சிவப்புக் குடை. கை தேர்ந்த கைதான், ஒரு கோடு பிசகாது. ஆனால் அந்தக் குடையைப் பிடித்திருப்பவருக்குக் கை இருக்கிறதா என்று பாருங்கள்.

கை என்றதும் இன்னொன்று. பழகாதவர்களுக்குக் கை வரைவது பயம். பூக்கூடைக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள், முந்தானைக்குள் செருகிவிடுவார்கள், இல்லையென்றால் படத்தையே மணிக்கட்டோடு முடித்துவிடுவார்கள். விரல்கள் வாழைச்சீப்பு மாதிரி வந்திருந்தாலும் பரவாயில்லை என்று துணிந்து வரைந்திருக்கும் ஆளை எனக்குப் பிடிக்கும்.

கடையில் நின்று சீர்தூக்கிப் பார்க்க இரண்டு தந்திரம் சொல்கிறேன். படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். என்ன வரைந்திருக்கிறது என்பது மறந்துபோய், எந்த மூலை கனக்கிறது, எது காலியாகக் கிடக்கிறது என்பது மட்டும் தெரியும். இரண்டாவது, கைப்பேசியில் படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால், வரைந்தவர் நிறத்தைப் பார்த்திருக்கிறார், வெளிச்சத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்கள் ஆற்றுக்கு இதைச் செய்து பார்த்தேன். வீடுகள் சாம்பலாகிவிட்டன. முதல் படகு தனியாகத் தெரிந்தது.

கணவரிடம் அந்தக் கயிற்றைக் காட்டுங்கள்.

*

கேள்வி: இந்த மாதிரிக் கடைகளில் பெரிய ஓவியர்களுடைய படம் தவறுதலாக வந்துவிடும் என்கிறார்களே. நான் சனிக்கிழமைதோறும் சுற்றுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வரும். நம்பிச் சுற்றுகிற அளவுக்கு வராது. 2017இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் ஒரு பெண் பழைய பொருள் கடையில் ஃபிரேம் தேடப் போய், 4 டாலருக்கு ஒரு படம் வாங்கினார். அது என்.சி. வையத் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது என்று பின்னர் தெரிந்து, 2023இல் ஏலத்தில் 191,000 டாலருக்குப் போனது. எல்லாரும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். ஏலம் கேட்டவர் பணம் கட்டவில்லை என்பது அடுத்த செய்தி!

நம் ஊரில் கனவு காண்பவர்கள், சீன முறையையும் மேற்கத்திய முறையையும் கலந்து இங்கே வரைந்த நன்யாங் பாணி ஓவியர்களைச் சொல்வார்கள். ஜார்ஜெட் சென், லியூ காங், சியோங் சூ பியங், சென் வென் சி. கடைசி இருவரின் ஓவியங்கள் உங்கள் பர்ஸிலேயே இருக்கலாம். 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கிப்பன் குரங்குகள் சென் வென் சி வரைந்தவை, உப்புமீன் காயவைக்கும் காட்சி சியோங் சூ பியங் வரைந்தது. நோட்டில் வரும் அளவுக்குப் புகழ் என்றால், அதைப் பார்த்துப் பழகியவர்களும் அதற்குத் தகுந்த எண்ணிக்கையில் இருப்பார்கள். கடையில் தொங்கும் குரங்குப் படம் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் பழகியது. அதை அப்படியே ரசிக்கத் தடை இல்லை.

ஆற்றில் படகு இருந்தால் பழைய படம் என்றும் முடிவு கட்டாதீர்கள். சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன, ஆனால் புகைப்படத்தைப் பார்த்து இன்றைக்கும் வரைகிறார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். ஃபிரேம் கடையின் பழைய லேபிள், பென்சிலில் ஒரு தேதி, கான்வாஸை ஆணியடித்து இழுத்திருக்கிறார்களா, ஸ்டேபிள் பின்னா என்பதையெல்லாம் பாருங்கள். ஸ்டேபிள் பின் என்றால் மிகப் பழையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்த நாளில் தார்ப்பாயில் குப்புறப் போட்டுவைத்திருப்பார்கள், பின்பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள்.

*

கேள்வி: இணையத்தில் ஒருவர் “கையால் வரைந்த அசல் எண்ணெய் ஓவியம்” என்று விளம்பரம் போட்டிருந்தார். 120 வெள்ளி கொடுத்து வாங்கினேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கிறது. திருப்பித் தர முடியாது என்கிறார். (செங்காங் வாசகர்)

பதில்: புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தால் அது அச்சு. மேலே மேடு பள்ளமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அச்சடித்த படத்தின் மேல் நிறமில்லாத பிசினைப் பிரஷால் தடவிவிடுகிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிரஷ் தடம் ஒரு பக்கம் போகும், படத்தில் இருக்கும் இலையின் விளிம்பு வேறு பக்கம் போகும்.

முதலில் விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அழித்துவிட்டால் போச்சு. அடுத்து, விற்றவர் வியாபாரியா, வீட்டைக் காலி செய்யும் தனியாளா என்று பாருங்கள். வியாபாரி என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம், அதாவது கேஸ் அமைப்பிடம் போகலாம். தனியாளுக்கு எதிரான புகார் அவர்களுடைய வேலை இல்லை, பழுதான பொருளைச் சரிசெய்யவோ மாற்றவோ கேட்க வழிசெய்யும், 2012இல் வந்த லெமன் சட்டமும் தனியாள் விற்பனைக்குப் பொருந்தாது. ஆனால் “அசல் எண்ணெய் ஓவியம்” என்று சொல்லி விற்றால் பொருள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி சரக்கு விற்பனைச் சட்டத்தில் தனியாட்களுக்கும் உண்டு. அதைச் சொல்லிக் கடைசியாக ஒரு செய்தி அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். 20,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 120 வெள்ளிக்கு அவ்வளவு அலைச்சல் தேவையா என்பது உங்கள் கோபத்தைப் பொறுத்தது.

தொண்டுக் கடைகளைப் பொறுத்தவரை இந்தப் பேச்சே வேண்டாம். அவர்கள் அசல் என்று எதையும் சொல்லி விற்பதில்லை, இருக்கிறபடி எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

*

கேள்வி: வாங்கிய ஓவியத்தில் ஒரு வாடை. பின்னால் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா? (ஜூரோங் வாசகி)

பதில்: கூடவே கூடாது. அது பூஞ்சை, ஈரம்தான் அதற்குச் சாப்பாடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் வெயிலில் வைக்கலாம் என்று அம்மா சொல்வார், ஓவியத்துக்கு அது ஆகாது. உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு வைத்தியங்களும் வேண்டாம்.

பூஞ்சையைவிட நான் பயப்படுவது மாவுக்கு. ஃபிரேமைத் தட்டினால் மரத்தூள் மாவாகக் கொட்டுகிறதா, குண்டூசித் துளைகள் தெரிகின்றனவா? வண்டு இருக்கிறது. எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், உங்கள் அலமாரியையும் சேர்த்துத் தின்னும்.

நீர்வண்ண ஓவியம் என்றால் கண்ணாடி போட வேண்டும், ஆனால் தாள் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை. அடுப்படிக்கு நேரெதிரே மட்டும் மாட்டாதீர்கள். தாளிக்கிற புகையின் பிசுக்கு உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது.

*

கேள்வி: யாரோ ஒரு பெண்மணியின் உருவப்படம், பார்க்கவே சிரிப்பாக இருந்ததால் வாங்கிவந்தேன். மாமியார், “செத்தவங்க படமா இருக்கும், வீட்ல வைக்காதே” என்கிறார். (ஈசூன் வாசகி)

பதில்: வீட்டுக்குள் அமைதி வேண்டுமென்றால் அலுவலகத்தில் மாட்டுங்கள். இது பயனீட்டாளர் சட்டத்துக்கு அப்பாற்பட்டது.

சிரிப்பதைப் பற்றி மட்டும் ஒரு கதை. 1993இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் குப்பையில் கிடந்த ஓவியத்தை எடுத்தார். இவருக்கும் ஃபிரேம்தான் வேண்டும். படத்தில் ஒரு பாட்டி, மஞ்சள் வானத்தின் கீழ் பூக்காட்டில், நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று புரியாத நிலையில். நண்பர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அதிலிருந்துதான் மோசமான ஓவியங்களுக்கான அருங்காட்சியகம் பிறந்தது. கண்டதையும் அங்கே சேர்ப்பதில்லை. மனதாரப் பாடுபட்டுக் கோணலாய்ப் போனதாக இருக்க வேண்டும், வேண்டுமென்றே கோணலாக்கியது கூடாது. பிறகு ஒரு நாள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெண், அது தன்னுடைய பாட்டி என்று அடையாளம் சொன்னார்.

உங்கள் பெண்மணிக்கும் ஈசூனிலேயே பேத்தி இருக்கலாம். விருந்தாளி வரும்போது பார்த்துச் சிரியுங்கள்.

*

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு வரையக் கற்றுக்கொண்டேன். வீவக அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லை, முப்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. தொண்டுக் கடைகள் எடுத்துக்கொள்ளுமா? (தோ பாயோ வாசகர்)

பதில்: சால்வேஷன் ஆர்மி, மைண்ட்ஸ், வாட்டர்லூ ஸ்திரீட்டில் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் நியூ டு யூ என்று நன்கொடை வாங்கும் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடை எப்போது எதை எடுக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், டாக்ஸி பிடிப்பதற்கு முன் போன் செய்துவிடுங்கள். முப்பதையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று. என்னிடம் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய ஒரு படம் இருக்கிறது. புளோக்கின் கீழே கல் மேசை, ஒரு பெரியவர், பூனை. பூனை பூனையாகவே இல்லை, ஆனால் மேசையில் இருக்கும் காப்பிப் பையின் முடிச்சை, அந்த இளஞ்சிவப்பு நூலை, அவ்வளவு சரியாக வரைந்திருக்கிறார். பத்து வருடமாகத் தேடுகிறேன், எந்த புளோக் என்று தெரியவில்லை. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதிவிடுங்கள், எந்த வருடம், எந்த இடம், பூனை யாருடையது என்று.