புது டயர் வழுக்குகிறது: 500 கிலோமீட்டர் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். பழைய டயர் மொட்டையாகிவிட்டதால், சென்னை புரோக்கர் ஒருவர் மூலம் முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19 என்று நான்கு பெர்ஃபார்மன்ஸ் டயர் வரவழைத்து மாட்டினேன். மறுநாள் லேசான தூறலில் ராஜீவ் காந்தி சிலை அருகே திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் ஒதுங்கியது. டிராக்‌ஷன் விளக்கு (சக்கரம் வழுக்குவதைக் காட்டுவது) மின்னியது. ஸ்டியரிங் மந்தமாக இருக்கிறது. 80க்கு மேல் போனால் கையில் நடுக்கம் வேறு. "500 கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் செட் ஆகிவிடும்" என்கிறார் மாட்டிக் கொடுத்த கடைக்காரர். நண்பர் பர்ன்அவுட் (வண்டியை நகர்த்தாமல் பின்சக்கரத்தை மட்டும் ரோட்டில் சுழலவிட்டுத் தேய்ப்பது) போடச் சொல்கிறார். புரோக்கரோ, இவற்றை எடுத்துக்கொண்டு, மேலே பணம் கொடுத்தால் இன்னும் நல்ல இம்போர்ட்டட் டயர் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் சொல்லியிருப்பது மூன்று குறைகள். வழுக்கலும் ஸ்டியரிங் மந்தமும் ஓட ஓடக் குறையும். நடுக்கம் 5,000 கிலோமீட்டர் ஓடினாலும் போகாது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "செட் ஆகிவிடும்" என்று கடைக்காரர் அனுப்பியிருக்கிறாரே, அதுதான் எனக்குக் கோபம். நாள் கடந்தால் புகாரின் வலு குறையும் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் வழுக்கல். டயர் வார்க்கும் அச்சில் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பூச்சு பூசுவார்கள். அதன் மிச்சம் புது டயரின் மேல் இருக்கும். ரப்பரின் மேல்தோலும் வழவழப்பாக இருக்கும். ரோட்டில் உரசி அது போனால்தான் உள்ளே இருக்கும் ரப்பருக்குப் பிடிப்பு வரும். அதற்கு 300 கிலோமீட்டராவது ஆகும். 500 வரை கவனமாக இருந்தால் நல்லது. ஆனால் அன்றைக்கு வழுக்கியதற்கு டயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறலில், ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் மேலே மிதந்து வரும். சிக்னல் இருக்கும் இடங்களில் அது இன்னும் அதிகம். ஏறத்தாழ 400 குதிரைத்திறன் முழுவதும் பின்சக்கரத்துக்குப் போகிற வண்டி அது. அந்த இடத்தில் நன்றாகப் பழகிய டயரே ஒதுங்கியிருக்கலாம்.

ஸ்டியரிங் மந்தத்துக்குக் காரணம் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளின் உயரம். புது டயரில் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். திருப்பும்போது அந்த ரப்பர் கட்டைகள் கொஞ்சம் வளைந்து, பிறகுதான் வண்டி திரும்பும். மொட்டை டயரில் வளைய எதுவும் இல்லை, அதனால் காய்ந்த ரோட்டில் சுருக்கென்று திரும்பும். அந்த நினைவில் பழைய டயரே தேவலை என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மில்லிமீட்டர். மழையில் அதற்கு வெகுமுன்பே தண்ணீரைத் தள்ளும் திறன் குறைந்துவிடும்.

பர்ன்அவுட் வேண்டவே வேண்டாம். மாட்டும்போது டயர் விளிம்பில் சோப்போ பேஸ்ட்டோ தடவுவார்கள். அது காய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் ஆக்ஸிலேட்டரையோ பிரேக்கையோ ஓங்கி மிதித்தால் டயர் ரிம்மின் மேலேயே நகர்ந்துவிடும். நகர்ந்தால், போட்ட பேலன்சிங் (சக்கரம் நடுங்காமல் சுற்ற ரிம்மில் எடை வைத்துச் சரிசெய்வது) போச்சு. மறுநாளே வழுக்கியது என்கிறீர்கள், ஆகவே இதைப் பார்த்துவிட வேண்டும். பேலன்சிங் செய்யும்போது டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். நாலு நாள் கழித்துக் கோடு விலகியிருந்தால் விஷயம் தெரிந்துவிடும். பெட்ரோல் போட்டுத் துடைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் டயரைக் கெடுக்கும் வேலை.

300 கிலோமீட்டரை எப்படி ஓட்டுவது? ஈசிஆரில் சென்னை போய் வந்தாலே கணக்கு முடிந்துவிடும். ஆனால் நேராகவே ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தேயும், ஓரம் அப்படியே இருக்கும். அதனால் உள்ளூர் வளைவுகளிலும் நிதானமாகத் திருப்பி ஓட்டுங்கள். திடீர் பிரேக், திடீர் வேகம் கூடாது. கடற்கரையை ஒட்டிய இடங்களில் ரோட்டோரம் மணல் கிடக்கும், அதைப் புது டயரோடு மிதிக்காதீர்கள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், வண்டிக்கான அளவு இல்லை. நம் ஊர் வெயிலில் ஓடிவிட்டு வந்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அடுத்து நடுக்கம். கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம். நாளைக்கே கடைக்குப் போய்ப் பேலன்சிங்கை மறுபடி போடச் சொல்லுங்கள். மெஷினில் சுற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டயர் மேலும் கீழும் குதிக்கிறதா, ரிம் ஆடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். அளவில் 40 என்று வருகிற, சைடுவால் (பக்கச் சுவர்) தாழ்ந்த டயரில், ஒரு நல்ல பள்ளம் ரிம்மை வளைத்துவிடும். ரிம் நேராக இருந்து டயர் குதித்தால் அந்த டயரை மாற்றித்தான் தர வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பார்த்துவிடுங்கள். இழுத்தால், முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களையும் இடம் வலம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரில் குறை. மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டையோ (சக்கரங்கள் நிற்கும் கோணம்) வண்டியையோ பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர். சக்கரத்தை அப்படியே பக்கம் மாற்றினால் தலைகீழாகச் சுற்றும், ஈரத்தில் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. சோதனைக்காகக் காய்ந்த ரோட்டில், மிதமான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு உடனே பழையபடி மாட்டிவிட வேண்டும். மழை நாளில் இந்தச் சோதனையே வேண்டாம். அம்புக்குறி இல்லாமல் 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் டயர் வேறு வகை; அதைப் பக்கம் மாற்றலாம், எழுத்து வெளியே தெரிந்தால் போதும். அந்த எழுத்து உள்பக்கம் போய்விட்டிருந்தாலோ, அம்பு பின்னோக்கி இருந்தாலோ, மாட்டியவர் தப்பாக மாட்டியிருக்கிறார். உங்களுக்கு ஈரத்தில் வழுக்கியதால் நான்கு டயரிலும் இதை இன்றே பாருங்கள்.

இனி புரோக்கர். நீங்கள் அனுப்பிய படத்தில் டயரின் பெயர் தெரிகிறது, தேதி தெரியவில்லை. டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. 1821 என்றால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். அது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்க வேண்டிவரும். நான்கிலும் பாருங்கள், முன்னால் ஒரு வருடம், பின்னால் ஒரு வருடம் என்று கலந்து தருவது இவர்களுடைய பழைய வித்தை. ஒரு வருடத்துக்குள் என்றால் நிம்மதி. மூன்று வருடம் என்றால் அது தகரக் குடோனில் வெந்த சரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் இறுகியிருக்கும், அதை 500 கிலோமீட்டர் ஓட்டி இளக்க முடியாது. கூடவே வேக எழுத்தையும் பாருங்கள். டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம் வரை, ஒய் என்றால் 300 வரை. அளவு பொருந்துகிறது என்று எச் போட்ட 210 கிலோமீட்டர் டயரைத் தள்ளிவிடுகிறார்கள்.

அவர் சொல்லும் 'இன்னும் நல்ல இம்போர்ட்டட்' பேச்சே வேண்டாம். வேறு காரிலிருந்து கழற்றியதைப் பாலிஷ் அடித்து, பள்ளத்தை ஆழமாக வெட்டிப் புதுசு என்று விற்கிற கூட்டம் இருக்கிறது. அதற்கு வழி செய்து கொடுத்ததும் அரசாங்கம்தான். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சரி, உள்ளூர் தொழிலைக் காப்பாற்றட்டும். ஆனால் இங்கே செய்யாத அளவுகளுக்கு, நேர்மையாக வாங்க நினைப்பவன் எங்கே போவான்? ஒரு ஜோடிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாமல்தான் ஜனங்கள் புரோக்கர் வாசலில் நிற்கிறார்கள்.

ஜிஎஸ்டி பில்லும், நான்கு டயரின் தேதியும் எழுதிய வாரண்டி அட்டையும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வாங்கியது சென்னையாக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும், அதற்குள் டயரே தேய்ந்துவிடும். ஆகவே கடையிலேயே முடிக்கப் பாருங்கள்.

டயர் நல்லதா என்று 500 கிலோமீட்டருக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். அதே வளைவில், அதே வேகத்தில், தூறலில் இல்லாமல் நன்கு மழை கழுவிய ரோட்டில் விளக்கு இன்னும் மின்னுகிறதா என்று பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று பட்டன் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். உள்பக்கம் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் டயரைத் திட்டாமல் அலைன்மென்ட் பாருங்கள். முழு வேகத்தில் சோதித்தே ஆக வேண்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அனுமதிக்கும் நாளில் போங்கள். கடலூர் ரோட்டில் வேண்டாம், அரியாங்குப்பம் தாண்டினால் எந்தச் சந்திலிருந்து யார் வருவார் என்று சொல்ல முடியாது.

நாளை கடைக்குப் போகும்போது வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. ஏர் கன்னால் மட்டும் முடுக்கிவிட்டு அனுப்பினால் வண்டியை எடுக்காதீர்கள்.