பிளேட் உடைகிறது, ஃபைல் மூடப்படுகிறது: யாரிடம் சொல்வது?

கேள்வி: கோவையில் எலும்பு முறிவுக்கான பிளேட், ஸ்க்ரூ தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் தர உறுதிப் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கடந்த நான்கு மாதத்தில் ஒரே லாட்டை (ஒன்றாகத் தயாரான தொகுப்பை) சேர்ந்த தொடை எலும்பு பிளேட்டுகள் ஐந்து நோயாளிகளுக்கு உள்ளேயே உடைந்து, கழற்றித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. ஐந்தையும் ‘அறுவை சிகிச்சை முறையில் பிழை’ என்று எழுதி மூடச் சொல்கிறார் மேலாளர். விற்பனைப் பிரிவிலிருந்து சில டாக்டர்களுக்குக் கவரில் பணம் போவதும் எனக்குத் தெரியும். ஃபைல்களை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பெயர் வெளியே வராமல் புகார் செய்ய முடியுமா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். எடுத்ததை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், அதை ஒரு வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யலாம். அந்த ஃபைல்களில் நோயாளியின் பெயரும் மருத்துவமனை எண்ணும் இருக்கும். உங்கள் வேலை நியமன உத்தரவில் ரகசியக் காப்பு விதி ஒன்றும் கட்டாயம் இருக்கும். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால், பிளேட் ஏன் உடைந்தது என்ற பேச்சே போய், நீங்கள் எதைத் திருடினீர்கள் என்பதுதான் பேச்சாகிவிடும். உங்களுக்குத் தேவை புகார் எண், லாட் எண், தேதி மட்டும்தான். சரியான எண்ணைச் சொன்னால், நேரில் வந்து அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்க்க அரசின் மருத்துவச் சாதன ஆய்வாளருக்கு அதிகாரம் இருக்கிறது.

அடுத்தது, நீங்கள் ஒரே மூச்சில் கேட்ட இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பிளேட் விவகாரம் நோயாளியின் பாதுகாப்பு. கவர் விவகாரம் பணம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், பணத்தைப் பற்றிய பகுதி ‘சொந்தப் பகை’ என்ற பெயரில் பிளேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிளேட்டை முன்னால் வையுங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மேலாளர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எலும்பு கூடும்வரை பாரத்தைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் பிளேட். எலும்பு கூடாமலே போனால், ஒவ்வொரு அடி நடக்கும்போதும் உலோகம் கொஞ்சம் வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, எவ்வளவு நல்ல பிளேட்டும் சில மாதங்களில் சோர்ந்து ஒடிந்துவிடும். அதனால் ‘பிளேட் உடைந்தது’ என்பது மட்டும் தயாரிப்பில் குறை இருப்பதற்கு ஆதாரம் ஆகாது.

ஆனால் ஒரே லாட், நான்கு மாதம், ஐந்து உடைவு என்பதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த லாட்டில் மொத்தம் எத்தனை விற்றது? ஐயாயிரத்தில் ஐந்தா, நாற்பதில் ஐந்தா? மற்ற லாட்டுகளில் இதே அளவு உடைகிறதா? ஐந்தும் ஒரே துளைக்கு அருகில் உடைந்தனவா? பொருத்தி எத்தனை வாரத்தில் உடைந்தன? மூலப்பொருளின் ஹீட் எண் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) என்ன, சப்ளையர் தந்த சான்றிதழோடு உங்கள் சோதனை முடிவு ஒத்துப்போனதா? லேசர் மார்க்கிங், மெருகேற்றல், துளையிடுதல் ஆகியவற்றில் அந்த வாரம் ஏதாவது மாறியதா? உடைந்த முகப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், விரிசல் எங்கே தொடங்கியது, உலோகத்துக்குள் கசடு இருந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ‘சர்ஜன் பிழை’ என்று எழுதி மூடியிருந்தால், அதை விசாரணை என்று சொல்ல முடியாது.

இந்த ‘சர்ஜன் பிழை’க்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு நோயாளிகளுக்குத் தொல்லை தரத் தொடங்கியபோது, டாக்டர்களுக்கு வந்த விளக்கம் ‘கப் (இடுப்புக் குழியில் வைக்கும் கிண்ணம்) சரியான கோணத்தில் பொருத்தப்படவில்லை’ என்பதாகவே இருந்தது. ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்தால் அது நம்பும்படியாகத்தான் இருக்கும். மூட்டு மாற்றுப் பதிவேடுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் உருவம் தெரிந்தது. இங்கிலாந்துப் பதிவேட்டின் கணக்கில், ஐந்து வருடத்துக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது, இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள். இங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று மத்திய அரசு இழப்பீட்டுக் கணக்கை முடிவு செய்ய 2018 ஆகிவிட்டது. தனித்தனியாக மூடிய ஐந்து ஃபைல்களை ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆமாம், அது உங்கள் வேலை. நீங்கள் இன்னும் விசில் ஊதுகிறவர், அதாவது உள்ளே நடக்கும் தவறை வெளியே சொல்கிறவர், ஆகவில்லை. முடிந்தவரை ஆகாமலே இருக்கப் பாருங்கள். புகாரை விசாரிப்பது, திருத்த நடவடிக்கை வேண்டாம் என்றால் அதற்கான காரணத்தைப் பொறுப்பானவர் கையொப்பத்தோடு பதிவு செய்வது எல்லாம் 2017 மருத்துவச் சாதன விதிகளின் ஐந்தாவது அட்டவணையிலேயே இருக்கிறது. எதிர்பாராத கடுமையான பாதிப்பு என்று சந்தேகம் வந்தாலே, அது தெரிந்த 15 நாளுக்குள் உரிமம் பெற்றவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பொருத்திய பிளேட் உடைந்து மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் காலைத் திறப்பதைக் கடுமையான பாதிப்பு இல்லை என்று வாதாட ரொம்பவே சாமர்த்தியம் வேண்டும்.

எனவே அலுவலக மின்னஞ்சலில், மேலாளருக்கு, கோபமில்லாமல் நாலு வரி எழுதுங்கள். ‘இந்த ஐந்து புகார்களும் ஒரே லாட்டைச் சேர்ந்தவை. முகப்பு ஆய்வு இன்னும் நடக்கவில்லை. 15 நாள் கெடு இந்தத் தேதியில் முடிகிறது. ஆய்வு முடியும்வரை மீதி ஸ்டாக்கை நிறுத்தி வைக்கலாமா, அரசுக்குத் தெரிவிப்பது பற்றி உங்கள் முடிவு என்ன?’ இவ்வளவு போதும். ‘மூடி மறைக்கிறீர்கள்’ என்று எழுதாதீர்கள். கேள்வியாக எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும், பதில் வராவிட்டாலும் அது ஒரு பதிவு. வாய்வழியாக ‘மூடிடுப்பா’ என்று சொன்னால், ‘நீங்கள் சொன்னபடி’ என்று ஒரு மெயிலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒரு மெயில் போட்ட மறுநாளே, ஒரு வாரமாக ‘தேவையில்லை’ என்றிருந்த ஆய்வு திடீரென்று தேவைப்பட்டது. எழுத்துக்கு அப்படி ஒரு குணம். அதற்குப் பிறகு எனக்கு டீ வாங்கித் தர அங்கே யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலாளர் அசையவில்லை என்றால் ஒரு படி மேலே, தரப் பொறுப்புக்கு நிர்வாகம் நியமித்த பிரதிநிதியிடமோ இயக்குநரிடமோ போங்கள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமாகவோ, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய நிறுவனமாகவோ, வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய நிறுவனமாகவோ இருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177வது பிரிவின்படி ஊழியர்கள் புகார் சொல்ல ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, தேவைப்பட்டால் நேராகத் தணிக்கைக் குழுத் தலைவரிடமே போகலாம் என்பதும் அதில் உண்டு. உங்கள் நிறுவனம் தனியார் என்பதால், வங்கிக் கடன் எவ்வளவு என்று பாருங்கள். கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டினால் பார்த்துவிடலாம்.

வெளியே போக வேண்டி வந்தால், பிளேட்டுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க 2015இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. இலவச எண் 1800-180-3024. டாக்டர், நர்ஸ், மருத்துவமனைப் பொறியாளர், தயாரிப்பாளர், நோயாளி என்று யார் வேண்டுமானாலும் பாதிப்பைத் தெரிவிக்கலாம். இதில் சுத்தமான வழி என்று நான் நினைப்பது, பிளேட்டைக் கழற்றிய டாக்டரே தெரிவிப்பது. புகார் விசாரணைக்காக அவரிடம் எப்படியும் பேசுவீர்கள். ‘நீங்கள் மெட்டீரியோவிஜிலன்ஸுக்குத் தெரிவித்தீர்களா சார்?’ என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. மற்றொன்று, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஆபத்தின் அளவை வைத்து சாதனங்களை வகுப்பு பிரிப்பதில், உடலில் நீண்ட நாள் இருக்கும் பிளேட் ‘சி’ வகுப்புச் சாதனம். அதற்கு உரிமம் தருவது மாநில அரசு அல்ல, இந்த அமைப்புதான். இதன் தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

சரி, பெயர் வெளியே வராதா? உண்மையைச் சொல்கிறேன். சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கும் காப்பு மெல்லியது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விசில் ஊதுவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. வந்திருந்தாலும் அது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது, தனியார் தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்க்காது. பெயர் போடாமல் எழுதினாலும், ஐந்து ஃபைல்களையும் தொட்டவர்கள் உங்கள் பிரிவில் எத்தனை பேர்? மூன்று பேரா? ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் ரகசியக் கடிதத்தைவிட, வேலையின் பகுதியாக எழுதிய மெயிலை நம்புகிறேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதற்காக ஒருவரை வெளியே அனுப்புவது, ஃபைல் திருடினார் என்று அனுப்புவதைவிடக் கடினம்.

இனி கவர். இதிலும் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு பில்லிலேயே தள்ளுபடி கொடுப்பது வேறு, டாக்டரின் கையில் பணம் கொடுப்பது வேறு. முதலாவது உறுத்தலாக இருந்தாலும் வியாபாரம். இரண்டாவது, மருத்துவர்களுக்கான நடத்தை விதிப்படியும் தவறு, மருத்துவச் சாதன நிறுவனங்களுக்கென மருந்துத் துறை 2024இல் கொண்டுவந்த விற்பனை நெறிமுறைப்படியும் தவறு. அந்த நெறிமுறையின் கீழ் தொழில் சங்கத்தின் நெறிமுறைக் குழுவிடம் புகார் தரலாம். ஆனால் பெயர், முகவரி போட்டு 1,000 ரூபாயும் கட்ட வேண்டும். அனாமதேயப் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்குபவர் அரசு மருத்துவமனை டாக்டர் என்றால் கதையே வேறு. அது லஞ்சம், மாநில லஞ்ச ஒழிப்புத் துறையின் எல்லை.

அமெரிக்காவில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் முன்னாள் நெறிமுறை அதிகாரி ஜான் ஸ்லோவிக் தொடுத்த வழக்கில், டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சலுகை கொடுத்ததற்காக அந்த நிறுவனம் 2016இல் 62 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அவருக்கும் அதில் பெரிய பங்கு கிடைத்தது. இதைப் படித்துவிட்டு நிறைய பேர் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே அரசுப் பணம் ஏமாற்றப்பட்டால் சொன்னவருக்குப் பங்கு தரும் சட்டம் 1863 முதல் இருக்கிறது. இங்கே கமிஷன் விவகாரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் தாய் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருந்தால் மட்டும் வேறு பேச்சு. இந்திய டீலர்கள் தனியார் மருத்துவமனைகளுக்காக விலை ஏற்றிய பில் போட்டது உட்பட, கணக்கிலும் உள் கட்டுப்பாட்டிலும் இருந்த குறைகளுக்காக, ஸ்ட்ரைக்கர் 2018இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் முதலாளி அந்த ரகம் இல்லை.

வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நியமன உத்தரவை எடுத்து நோட்டீஸ் காலம், பாண்ட், ரகசிய விதி மூன்றையும் படியுங்கள். தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆறு மாத இஎம்ஐ கையில் இருந்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், இல்லையென்றால் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். தரப் பிரிவில் ஆறு வருட அனுபவத்துக்கு வெளியே கிராக்கி இருக்கிறது, ரெஸ்யூமேயைத் தூசி தட்டி வையுங்கள்.

மெயில் எழுதுவதற்கு முன்னால் ஒன்று மட்டும். திரும்பி வந்த அந்த ஐந்து பிளேட்டுகளும் இப்போது எங்கே இருக்கின்றன? லேபிளோடு தனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறதா, இல்லை ஃபைல் மூடியாயிற்று என்று ஸ்க்ராப் டப்பாவுக்குப் போய்விட்டதா? நாளைக் காலை போனதும் முதலில் அதைப் பாருங்கள்.