கண் முந்தினால் கை முந்தும்: ரியாக்‌ஷன் டைம் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ‘உனக்கு ரிஃப்ளெக்ஸ் போதாது, வேகப்பந்தை ஆடுவது உனக்கு ஒத்துவராது’ என்று கோச் சொல்லிவிட்டார். பையன் உடைந்து போயிருக்கிறான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மட்டையைக் கீழே வைக்க வேண்டாம். 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டைக்கு வந்து சேர ஏறத்தாழ அரை வினாடி. கண்ணில் பட்டதற்குக் கை திருத்தம் செய்யவே 0.2 வினாடி போய்விடும். கண் பார்த்துக் கை அசைய ஆகும் இந்த நேரம்தான் ரியாக்‌ஷன் டைம். இந்த 0.2 யாருக்கும் பெரிதாகக் குறைவதில்லை. உளவியல் ஆய்வாளர் பீட்டர் மெக்லியாட் 1987-இல் சர்வதேச பேட்ஸ்மேன்களைச் சோதித்தார். குத்திய பிறகு எதிர்பாராமல் திரும்பும் பந்துக்கு அவர்களுக்கும் அதே நேரம்தான் தேவைப்பட்டது.

அப்படியானால் அவர்கள் எப்படி நிதானமாக ஆடுகிறார்கள்? பந்து கையை விட்டதுமே அது எங்கே குத்தும் என்று கணித்து, பந்துக்கு முன்பே கண்ணை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பவுலரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு எல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்கின்றன. இது பிறவியில் வருவதல்ல, ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகி வருவது. பவுலிங் மெஷினில் மட்டும் ஆடும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கிடைக்காது. மெஷினுக்கு மணிக்கட்டு ஏது? வலைப்பயிற்சியில் வலைக்குப் பின்னால் நின்று, பந்து கையை விட்டவுடனே ‘ஷார்ட்’, ‘ஃபுல்’ என்று உரக்கச் சொல்லிப் பழகட்டும். மட்டையே வேண்டாம்.

கேள்வி: ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த பிறகு கிளம்பினாலும் ஃபால்ஸ் ஸ்டார்ட் கொடுக்கிறார்களாமே?

ஆமாம். 0.1 வினாடிக்குள் கால் பிளாக்கை (ஓடத் தொடங்கும்போது காலை ஊன்றும் கட்டையை) அழுத்தினால், சத்தம் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று கணக்கு. 2022 யூஜின் உலக சாம்பியன்ஷிப்பில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் அமெரிக்க வீரர் டெவன் ஆலன் 0.099-இல் கிளம்பியதற்காக வெளியேற்றப்பட்டார். எனக்கு அது இன்றும் மனதை உறுத்துகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்காக ஒருவரின் பல வருட உழைப்பை ஒதுக்கும் அளவுக்கு அந்த எல்லை துல்லியமானது என்று நான் நம்பவில்லை.

பள்ளி மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஸ்டார்ட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 2009 பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசைன் போல்ட், சத்தம் கேட்டுக் கிளம்ப எடுத்த நேரம் 0.146 வினாடி. 0.1 எல்லையை ஒட்டிக் கிளம்பாமலே அவர் அந்த வேகத்தில் ஓடினார்.

கேள்வி: கபடியில் ரெய்டர் காலை நீட்டுவது போலக் காட்டிவிட்டுக் கையால் தொட்டுவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறேன்.

முதல் அசைவுக்கு மூளை ஒரு பதிலை அனுப்பத் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை அடுத்த பதில் காத்திருக்க வேண்டும். பொய் அசைவின் பலமே அதுதான். கையையும் காலையும் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். கை கால் பொய் காட்டும். உடம்பின் பாரத்தை அவ்வளவு எளிதாகப் பொய்யாக நகர்த்த முடியாது.

கேள்வி: வீட்டிலேயே அளந்து பார்க்க வழி உண்டா?

ஸ்கேல் போதும். நண்பர் அதைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும், நீங்கள் கீழே விரல்களால் பிடியுங்கள். 15 செ.மீ. விழுந்தால் சுமார் 0.175 வினாடி, 20 என்றால் 0.2. பத்து தடவை செய்து சராசரி எடுங்கள். மொபைல் ஆப்பில் திரையின் தாமதமும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வயது 45. ஷட்டிலில் வேகம் குறைந்துவிட்டது.

கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் முதலில் தூக்கத்தைச் சரி பாருங்கள். தூக்கம் கெட்டால் இருபது வயதுக்காரருக்கும் தாமதமாகும். அப்புறம், எதிராளி அடிக்கும் அந்த நொடியில் சின்னதாக ஒரு துள்ளல் போட்டு நில்லுங்கள். எந்தப் பக்கமும் கால் சட்டென்று கிளம்பும்.