தட்டைத் தட்டியது யார்?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். ரிங் ரோடு ஓரம் கிடந்த ராஜபாளையம் குட்டி ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் மீட்டெடுத்தார். நிரந்தரமாக வளர்ப்பவர் கிடைக்கும்வரை இரண்டு மாதம் வைத்துக்கொள்கிறோம் என்று வாங்கி வந்தோம். நான்கு மாதக் குட்டி. வெள்ளை வெளேரென்று இருக்கும், நீலக் கண். இரண்டு காதும் கேட்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சாதுவாகத்தான் இருந்தது. என் பையனுக்குப் பத்து வயது. அவன் நண்பர்கள் வந்தால், குட்டி தூங்கும்போது தலைமாட்டில் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக் காட்டுவான். அது அசையாது. எல்லோரும் சிரிப்போம். அந்த அளவுக்குப் பிரியம். போன வாரம் திடீரென்று அவன் கையைக் கடித்துவிட்டது. லேசாகப் பல் கீறியிருந்தது, மஞ்சள் வைத்தேன். செவிட்டு நாய் வளர வளர மூர்க்கமாகிவிடும் என்கிறார் என் கணவர். காது கேட்காததை எப்படிப் பழக்குவது? திருப்பிக் கொடுத்துவிட்டால் பாவமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மதுரை

பதில்: சகோதரி, முதலில் மஞ்சள். கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் அன்றைக்கே அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன். மஞ்சள் குழம்புக்கு. நாயின் பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், குட்டியோ கிழமோ, வீட்டு நாயோ தெரு நாயோ, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அடுத்து நேராக மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். முதல் நாள் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். இரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே செலுத்தும் மருந்து ஒன்றும் சேர வேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு எந்த மருத்துவரும் கையைப் பிசையத்தான் முடியும். சாலையோரம் கிடந்த குட்டி, அதற்குத் தடுப்பூசி போட்டார்களா என்பதே தெரியாது என்று நீங்களே சொன்னீர்கள். ஒரு வாரம் எப்படி அம்மா சும்மா இருந்தீர்கள்?

இனி தட்டுக்கு வருகிறேன்.

கேட்ட கேள்விகளை விட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. பையன் தட்டுவான், குட்டி அசையாது, "எல்லோரும் சிரிப்போம்." குழந்தைகள் சிரிப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிரிப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லின் வாலில் இருக்கும் 'ஓம்' உங்களையும் உங்கள் கணவரையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் பிரியம் என்று வேறு எழுதுகிறீர்கள்.

கடித்த அன்று என்ன நடந்தது என்று தொலைபேசியில் துருவிக் கேட்டபோது, "தட்டு லேசாக அதன் மூஞ்சியில் பட்டிருக்கும் போல" என்றீர்கள். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. கடித்ததை மட்டும் எழுதினீர்கள். அந்தக் குட்டியின் இடத்தில் இருந்து கொஞ்சம் பாருங்கள். சோபாவின் காலடியில், மொசைக் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. கதவு திறந்ததோ, நான்கு பையன்கள் உள்ளே வந்ததோ, அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததோ அதற்குத் தெரியாது. ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து குளிர்ந்த இரும்பு ஒன்று மீசைமுடியில் வந்து மோதுகிறது. கண்ணைத் திறந்தால் ஒரு கை. அந்த நிலையில் நானாக இருந்தாலும் கடித்திருப்பேன். காது கேட்கிற நாயும் கடித்திருக்கும். பல் பதியாமல் கீறலோடு விட்டதே, அது அந்தக் குட்டியின் குணம்.

எனக்கு இந்த விளையாட்டு தெரியும். என் சின்ன அத்தைக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அவள் திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கும்போது நாங்கள் ஐந்தாறு பேர் பின்னால் நின்று கை தட்டுவோம். ஒருநாள் அவள் யதேச்சையாகத் திரும்பிவிட்டாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் எங்களுக்குப் பின்னால், கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எங்களை யாரும் அடிக்கவில்லை. இரண்டு அடி கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதில் எது வேடிக்கை, எது வேடிக்கை இல்லை என்பதைப் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அவன் தட்டியதும் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பான். இயலாத ஓர் உயிர் வீட்டுக்குள் வந்துவிட்டால், இரண்டு நாளானாலும் இரண்டு மாதமானாலும், மற்றவர்கள்தான் தங்கள் நடையை மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பிள்ளை செய்வதெல்லாம் விளையாட்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கும் வீடுகளை எனக்குப் பிடிப்பதும் இல்லை.

உங்கள் கணவரின் 'மூர்க்கம்' பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குட்டியின் செவிட்டுத்தன்மைக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை, நிறத்தோடுதான் சம்பந்தம். நாய்க்குட்டிக்குப் பிறந்து இரண்டு வாரத்தில்தான் காதுத் துளை திறக்கும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாத குட்டிக்கு, ஒலியை வாங்கும் நுண்ணணுக்கள் முதல் சில வாரங்களிலேயே பட்டுப்போய்விடுகின்றன. டால்மேஷியன் இனத்தில் 100-க்கு 30 வரை ஒரு காதாவது கேட்காமல் பிறப்பதாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. நம் ராஜபாளையத்திலும் இது பழைய கதை. பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் வேண்டும் என்று நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததற்கு இந்தக் குட்டிகள் கூலி கொடுக்கின்றன. 2005-இல் அஞ்சல் தலையில் அச்சிட்டுப் பெருமைப்பட்ட நாய் இது. காது கேட்காத குட்டி விலை போகாது என்று தெரிந்தால் மட்டும் ரிங் ரோடு. அப்படி விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

சரி, எப்படிப் பழக்குவது? அந்தத் தட்டிலிருந்தே தொடங்குங்கள். கரண்டியை உள்ளே வையுங்கள். தட்டில் வேகவைத்த கோழியைக் கடலை அளவுக்குப் பிய்த்துப் போட்டுப் பையனின் கையில் கொடுங்கள். குட்டி விழித்திருக்கும்போது, அதன் கண் பார்க்க, தோளில் இரண்டு விரலால் மெல்லத் தொட வேண்டும். தொட்ட மறுகணம் வாயில் ஒரு துண்டு. தோளைத் தவிர வேறு இடம் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. நான்கைந்து நாளில், தோளில் விரல் பட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கும். அதன் பிறகுதான் தூக்கத்துக்குப் போக வேண்டும். தூங்கும்போது முதலில் கோழித் துண்டை மூக்குக்கு அருகில் பிடியுங்கள். காது கேட்காவிட்டாலும் மூக்கு தூங்காது. மோப்பத்தில் அதுவே கண் திறக்கும். திறந்ததும் துண்டு. சில நாள் கழித்துத் தோளைத் தொட்டு எழுப்பலாம். இந்த வேலையின்போது நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் இருக்க வேண்டும், பையனைத் தனியாக விடாதீர்கள். அவன் நண்பர்களுக்கும் ஒரே சட்டம்: தூங்கும் குட்டியின் பக்கம் போகக் கூடாது. எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் சரி.

அடுத்தது கண். காது கேட்கும் நாயை வாயால் திருப்பலாம், இதை முடியாது. ஆகவே அது தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கட்டை விரலை உயர்த்திக் காட்டி ஒரு துண்டு கொடுங்கள். கட்டை விரல்தான் இனி உங்கள் வீட்டின் 'சபாஷ்'. சிரித்த முகத்தோடு காட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். கேட்காத குட்டியிடம் பேசுவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பேசாதபோது நம் முகம் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது, அது படிப்பதோ முகத்தைத்தான்.

பிறகு சைகைகள். உட்கார், படு, வா, வேண்டாம் என்று நான்கு போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைத்தான் காட்ட வேண்டும். 'வா' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை உள்ளே மடக்கினால் 'வா', அதே கையை வெளியே வீசினால் 'போ'. நமக்கு விளங்கும். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் குட்டிக்கு இரண்டும் ஈ ஓட்டுவது போலத்தான் தெரியும். ஆகவே கையை அகல விரித்து, வளைத்து, மார்புக்கு இழுத்து வந்து காட்டுங்கள். தெருமுனையிலிருந்தும் தெரிய வேண்டும். தரையைக் காலால் உதைத்தால் அதிர்வு கேட்டுத் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். அது மரத்தளம் போட்ட ஊர்களின் யோசனை. நம் மொசைக் தரையில் உங்கள் குதிகால்தான் வலிக்கும். இரவில் வெளியிலிருந்து உள்ளே கூப்பிட வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுங்கள். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் ஓடவிட்டு விளையாடாதீர்கள், அப்புறம் நாளெல்லாம் நிழலைத் துரத்திக்கொண்டு திரியும். கூப்பிடுவதற்காகக் கழுத்தில் கட்டும் அதிரும் பட்டை வாங்குவதென்றால் வெறும் அதிர்வு மட்டும் உள்ளதாக வாங்குங்கள். மின்சாரம் பாய்ச்சும் பட்டையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். வாசல் தாண்டினால் கயிறு கட்டாயம், ஒருநாளும் விலக்கு இல்லை. பின்னால் வரும் லாரி ஆரன் அடிப்பது அதற்குத் தெரியாது. கழுத்துப் பட்டையில் 'காது கேளாது' என்று எழுதி உங்கள் எண்ணையும் போடுங்கள். (தீபாவளிக்கு மட்டும் உங்களுக்குக் கவலையில்லை. தெருவில் மற்ற நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் நடுங்கும்போது உங்கள் வீட்டுக் குட்டி குறட்டை விடும்.)

இன்னொன்று, அடிக்காதீர்கள். எந்த நாயையும் அடிக்கக் கூடாதுதான், இதை அடிப்பது இன்னும் கேடு. உங்கள் கைதான் அதற்குப் பேச்சு. ஒரு முறை அடித்த கை நாளைக்கு 'வா' என்று விரியும்போது அது எதை நம்பும்?

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் என்று வாக்குக் கொடுத்து வாங்கினீர்கள். மூன்று வாரத்தில், உங்கள் வீட்டுத் தப்புக்கு அதற்குக் 'கடிக்கிற நாய்' என்று பட்டம் கட்டி அனுப்பினால், செவிட்டு நாய், அதிலும் கடி நாய் என்று ஒருவரும் அதை வாங்க மாட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பவர் வரும்போது கடித்ததை மறைக்காதீர்கள், தட்டையும் மறைக்காதீர்கள். நான்கு சைகைகளையும் பையனையே ஒரு தாளில் படமாக வரையச் சொல்லுங்கள். புதிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனே செய்து காட்டட்டும். அவன் நண்பர்கள் முன்னால் குட்டியை வைத்துக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறானே, இதைக் காட்டட்டும்.

குட்டிக்குத் தடுப்பூசி போடச் சொல்லி அந்த மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். பையனுக்கு மூன்று ஊசி முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னீர்கள். 28-ஆம் நாள் ஊசியைத்தான் பெரும்பாலோர் காயம் ஆறிவிட்டதே என்று கோட்டை விடுகிறார்கள். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.